முதல் வண்டிக்கு வசூல் கணக்கு வேண்டாம்

தமிழ்நாட்டில் கிராமத்துப் பேருந்து வசதி பற்றிப் பேச்சு எழுந்தால் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: உங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு எத்தனை நடை? மனு கொடுப்பவர்கள் கூடுதல் நடை கேட்கிறார்கள். பணிமனை மேலாளரும் நடைக் கணக்கிலேயே பதில் சொல்கிறார். சட்டமன்ற உறுப்பினர் கொடியசைத்துத் தொடங்கி வைப்பதும் ஒரு புதிய நடையைத்தான். அந்த நடை எந்த நேரத்தில் என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. பகல் 11 மணிக்கு வந்துபோகும் பேருந்துக்கும் காலை 5 மணிக்கு ஊரைவிட்டுக் கிளம்பும் பேருந்துக்கும் கணக்கேட்டில் ஒரே மதிப்புதான். ஏறுகிறவர்களுக்கு அப்படியில்லை. 11 மணி வண்டி வரவில்லையென்றால் அடுத்ததற்குக் காத்திருக்கலாம், மறுநாள் போய்க்கொள்ளலாம். 5 மணி வண்டி வரவில்லையென்றால் அன்றைய கூலி போகிறது, வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை தள்ளிப்போகிறது, சிலருக்கு ஆண்டுக்கணக்கில் படித்து எழுதவிருந்த தேர்வே கைநழுவுகிறது. ஆகவே கிராமத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் முதல் வண்டியை மற்ற நடைகளோடு சேர்த்து வசூல் தராசில் நிறுக்கக் கூடாது. எந்த நாளும் தவறக் கூடாத தனிச் சேவையாக அதை அரசு வரையறுக்க வேண்டும். பயணிகள் குறைவு, பணியாளர் சிரமம், நட்டம் என்று இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாமே பரிசீலிக்கத் தக்கவை. ஆனால் நெருங்கிப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை இன்றைய ஏற்பாட்டின் குறைகளையே காட்டுகின்றன.

விடியுமுன் கிளம்ப வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 51.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 3.72 கோடிப் பேர், கிராமங்களில் வாழ்ந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஊருக்குள்ளேயே வயல் வேலை பார்ப்பவர்கள் என்ற சித்திரம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. ஜவுளிக் கடை, மருத்துவமனைத் துப்புரவு, ஓட்டல் சமையலறை, நூற்பாலையின் முதல் ஷிப்ட், கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் முச்சந்தி என்று அவர்களுடைய பிழைப்பு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அதில் பெரும்பகுதி ஆறிலிருந்து எட்டு மணிக்குள் தொடங்கிவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வெளிநோயாளிப் பிரிவு ஏழரை, எட்டு மணிக்கெல்லாம் திறந்துவிடுகிறது. சீட்டு வாங்கும் வரிசை அதற்கு முன்பே நீண்டிருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒரு முறைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம் படுத்திருக்க வேண்டும், அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள். காலை முதல் சுற்றில் இடம் பெற்றவர் அதைத் தவறவிட்டால் அன்றே வேறு இடம் கிடைப்பது அரிது. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு 9.30 மணிக்கு என்றால் 9 மணிக்குப் பிறகு வாசலில் அனுமதி இல்லை. தேர்வு மையத்துக்கு அடுத்த தெருவில் இருப்பவருக்கும், இரண்டு பேருந்து மாறி வரும் கிராமத்துக்காரருக்கும் அதே 9 மணிதான். மதுரையிலிருந்து சென்னை போகும் வைகை எக்ஸ்பிரஸ் காலை 7 மணிக்கு முன்பே கிளம்பிவிடுகிறது. உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரருக்கு அந்த ரயிலில் இருக்கை உறுதியாகியிருக்கலாம். ரயில் நிலையம் வரை போய்ச்சேருவதற்குத்தான் உறுதி இல்லை.

விவசாயியின் காலை இதைவிடச் சீக்கிரம் தொடங்குகிறது. மல்லிகையை மொட்டாக, வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். நிலக்கோட்டை, மதுரை மாட்டுத்தாவணி, தோவாளை போன்ற பூச்சந்தைகளுக்கு அதிகாலைதான் முக்கியமான நேரம். நேரம் ஆக ஆகப் பூ விரியும், விலை இறங்கும். ஐந்து கிலோ, பத்து கிலோ பூவை வைத்திருக்கும் சிறு விவசாயி தனியாக வண்டி பிடித்தால் கட்டுபடியாகாது. வண்டி வைத்திருக்கும் ஏஜென்ட்டிடம் பூவைக் கொடுத்தனுப்புகிறார். பல சமயம் அந்த ஏஜென்ட்டே முன்பணமும் கொடுத்திருப்பார் என்பதால் விலை கேட்கும் உரிமை அங்கேயே மங்கிவிடுகிறது. இந்தச் சிக்கலை அரசு ஒரு காலத்தில் சரியாகவே புரிந்துகொண்டிருந்தது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, கடை ஒதுக்கியதோடு நிற்காமல், விவசாயிகள் காய்கறி மூட்டைகளைக் கட்டணமில்லாமல் அரசுப் பேருந்தில் ஏற்றிவரவும் வழி செய்தார்கள். கொட்டகையையும் தராசையும் போலவே, சரக்கு உரிய நேரத்தில் வந்து சேரும் வழியும் சந்தையின் பகுதி என்ற தெளிவு அந்தத் திட்டத்தில் இருந்தது. ஆனால் வெளிநோயாளிப் பிரிவின் நேரத்தையும் தேர்வு நேரத்தையும் கல்லூரி ஷிப்ட்டையும் தீர்மானிக்கும் துறைகளில், அந்த நேரத்துக்கு வந்துசேரப் பேருந்து இருக்கிறதா என்று கேட்கும் வழக்கம் இன்றுவரை இல்லை.

போக்குவரத்துக் கழகத்தின் முதல் மறுப்பு எளிமையானது: அதிகாலை வண்டியில் ஆள் இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. நடத்துநர் கையிலிருக்கும் டிக்கெட் இயந்திரம் எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்பதைப் பதிவு செய்கிறது. பல தடங்களில் முதல் நடையின் பதிவு மெலிந்துதான் இருக்கும். ஆனால் அந்த இயந்திரம் ஏறியவர்களை மட்டுமே எண்ணும். வண்டி வருமோ வராதோ என்று வேறு வழி தேடிக்கொண்டவர்கள் அதில் வர மாட்டார்கள். பத்து நாளில் எட்டு நாள் சரியாக வந்து, இரண்டு நாள் வராமல் போகும் ஒரு முதல் பேருந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிர்வாகத்தின் பார்வையில் அது 80 விழுக்காடு ஒழுங்காக ஓடும் வண்டி. 6 மணி ஷிப்ட்டுக்குப் போகிறவரின் நிலை என்ன? எந்த இரண்டு நாள் வராது என்பது முன்கூட்டித் தெரியாததால், பத்து நாளுக்கும் அவர் மாற்று ஏற்பாடு வைத்துக்கொண்டாக வேண்டும். மாதத்தில் ஆறு நாள் தாமதமாக வருகிறவரை எந்த மேற்பார்வையாளரும் சகித்துக்கொள்ள மாட்டார். மாற்று ஏற்பாட்டுக்குக் காசு கொடுத்தாகிவிட்ட பிறகு, வண்டி ஒழுங்காக வரும் எட்டு நாளிலும் அவர் அதில் ஏறுவதில்லை. இப்படி ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள வண்டி காலியாகிறது. காலியாக ஓடுகிறது என்று சொல்லி அதை நிறுத்துகிறார்கள். பகல் வண்டியில் 80 விழுக்காடு என்பது சுமாரான சேவை. அதிகாலையில் அதே 80 ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததற்குச் சமம். கூட்டம் சேர்ந்தால் ஒழுங்காக விடுகிறோம் என்பது தலைகீழான நிபந்தனை. ஒரு நாளும் தவறாமல் ஆறு மாதம் ஓட்டிவிட்டு எண்ணிப் பார்த்தால்தான் ஒரு ஊரின் அதிகாலைத் தேவை எவ்வளவு என்பது யாருக்கும் தெரியவரும்.

பேருந்து ஓடாததால் செலவு மிச்சமாகிவிடவும் இல்லை. அது அரசின் ஏட்டிலிருந்து குடும்பத்தின் ஏட்டுக்கு மாறுகிறது. தேர்வுக்கும் மருத்துவமனைக்கும் போகிறவர்கள் முதல் நாள் மாலையே கிளம்பி உறவினர் வீட்டிலோ, மருத்துவமனை வராந்தாவிலோ, பேருந்து நிலையத்திலோ இரவைக் கழிக்கிறார்கள். துணைக்கு ஒருவர் வேண்டும்; ஆக இரண்டு பேரின் வேலை கெடுகிறது. தனி ஆட்டோ பேசினால், திரும்பும்போது காலியாக வர வேண்டும் என்பதால் ஓட்டுநர் போகவர வாடகை கேட்பார்; அதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. சென்னைக்கு 2013-இல் நிர்ணயித்த ஆட்டோக் கட்டணத்திலேயே இரவு 11 முதல் காலை 5 மணி வரை 50 விழுக்காடு கூடுதலாக வாங்கிக்கொள்ள அரசு அனுமதித்தது. அகால நேரத்துக்கு விலை அதிகம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்தான். கிராமத்திலோ மீட்டரும் கிடையாது, பேரம் பேச இன்னொரு ஆட்டோவும் கிடையாது. கைப்பேசியில் தட்டினால் வரும் வாடகை வண்டிகள் நகரத்தை ஒட்டியே சுற்றுகின்றன. கடைசியாக மிஞ்சுவது ‘குட்டி யானை’ எனப்படும் சிறிய சரக்கு வண்டி. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது ஏற்றுகிறவருக்குத் தெரியும், ஏறுகிறவருக்குத் தெரியும், வழியில் நிற்கும் காவலருக்கும் தெரியும். விபத்து நடந்த மறுநாள் சோதனை கடுமையாகும். பத்து நாள் கழித்து அதே வண்டி அதே நேரத்துக்கு வரும், ஏனென்றால் அந்த நேரத்துக்கு அங்கே வரும் வண்டி அது ஒன்றுதான்.

அது ஒன்றுதான் என்று சொன்னது முழுக்கச் சரியில்லை. சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகள், திண்டுக்கல், ஈரோட்டுப் பக்கத்து நூற்பாலைகள், திருப்பூர் பனியன் கம்பெனிகள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள் ஆகியவற்றுக்காக ஓடும் வேன்களும் பேருந்துகளும் இருக்கின்றன. சாலை குறுகல், ஆள் போதாது, அந்த நேரத்துக்கு ஓட்டுநர் கிடைப்பதில்லை என்ற காரணங்களால் அரசுப் பேருந்து எட்டிப் பார்க்காத ஊர்களுக்குள்ளும் இவை இருட்டோடு நுழைந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. கூட்டுறவுச் சங்கத்தின் பாலைக் குளிர்விப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் வண்டியும் மழையென்றும் பண்டிகையென்றும் பார்ப்பதில்லை. நேரத்துக்கு வந்து சேராவிட்டால் யாருக்கு நட்டமோ அவர் வண்டி அனுப்புகிறார், அனுப்ப முடிகிறது. இதன் விளைவைத்தான் நாம் போதுமான அளவு யோசிப்பதில்லை. விடியற்காலையில் ஊருக்குள் வரும் ஒரே பயணி வண்டி ஓர் ஆலையின் வேன் என்றால், அந்த ஊர்ப் பெண்ணுக்கு வெளி வேலை என்பது அந்த ஆலைதான். பக்கத்து நகரத்தில் கூடுதல் சம்பளத்துக்கு இடம் இருப்பது தெரிந்தாலும் போய்ச்சேர வழி இல்லை. மேற்பார்வையாளரின் வாய் சரியில்லை என்று ஒரு நாள் நின்றுகொண்டால், மறுநாள் ஏற வேறு வண்டி இல்லை. அதே நேரத்தில் பொதுப் பேருந்து ஒன்று ஓடினால், அதில் ஒரு நாளும் ஏறாதவருக்குக்கூடப் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும். தொழிலாளர் நலம் பற்றிய விவாதங்களில் காலைப் பேருந்தின் நேரம் இடம்பெறாதது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

பொதுப் போக்குவரத்திலேயே இதற்கு ஒரு பழைய, நல்ல தீர்வு உண்டு: இரவில் ஊரிலேயே தங்கும் பேருந்து. ‘நைட் ஹால்ட்’ என்பார்கள், ‘ஸ்டே பஸ்’ என்பார்கள். கடைசி நடையாக வரும் வண்டி ஊர் மந்தையில் நிற்கும். ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே படுப்பார்கள். விடிந்தும் விடியாமலும் அதே வண்டி முதல் நடையாகக் கிளம்பும். பணிமனையிலிருந்து 4 மணிக்குப் புறப்பட்டு 5 மணிக்கு ஊருக்கு வர வேண்டிய வண்டி வராமல் போக ஆயிரம் காரணம் இருக்கலாம்: ஓட்டுநர் விடுப்பு, பஞ்சர், வேறு தடத்துக்குத் திருப்பிவிட்டது. ஊரிலேயே நிற்கும் வண்டி இருக்கிறதா என்பதைப் படுக்கப் போகுமுன் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். செலவுக் கணக்கும் இதன் பக்கம்தான். ஊர் பணிமனையிலிருந்து 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி இரவில் தங்காவிட்டால், கடைசி நடை முடிந்து காலியாகத் திரும்ப 30, விடியுமுன் காலியாக வர 30, ஆக 60 கிலோமீட்டர் வெறும் ஓட்டம். லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் ஓடும் பேருந்துக்கு இது சுமார் 11 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும் நாளில் ஏறக்குறைய 1,000 ரூபாய். இரண்டு பேருக்கு இரவுப் படியும் ஓர் அறைக்கு வாடகையும் கொடுத்த பிறகும் இதில் மீதி இருக்கும். நடைமுறையில் கழகங்கள் அந்த வெறும் ஓட்டத்தையும் ஓட்டுவதில்லை. முதல் நடையை ஆறரை, ஏழு மணிக்குத் தள்ளிவைத்துவிடுகின்றன. கணக்கில் சேமிப்பு, ஊரில் இழப்பு.

பல ஊர்களில் இந்த ஏற்பாடு நின்றுபோனதற்குப் பணியாளர்களின் எதிர்ப்பும் ஒரு காரணம். அந்த எதிர்ப்பு நியாயமானது. கொசுக்கடியில் பேருந்து இருக்கையில் முடங்கிப் படுத்து, கழிப்பறைக்கு ஒதுக்குப்புறம் தேடி, விடியுமுன் எழுந்து ஐம்பது உயிர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டு என்று ஒருவரிடம் சொல்வது அவருக்கும் அநீதி, ஏறுகிறவர்களுக்கும் ஆபத்து. பெண் நடத்துநர்களும் பணிக்கு வரும் காலத்தில் இது இன்னும் ஏற்க முடியாதது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாள் பணி முடிவதற்கும் மறுநாள் பணி தொடங்குவதற்கும் இடையில் தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு வேண்டும் என்று வகுத்தது. இரவு ஒன்பதரைக்கு வந்து நிற்கும் வண்டியைக் காலை 5 மணிக்கு எடுக்கச் சொன்னால் அந்த ஓய்வில் ஒன்றரை மணி நேரம் களவு போகிறது. அதற்காக முதல் வண்டியை நிறுத்திவிட வேண்டியதில்லை. அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்த்து அட்டவணை போட்டால் போதும். 8 மணிக்கு வந்து தங்கும் வண்டி 5 மணிக்குக் கிளம்பட்டும். ஒன்பதரைக்கு வருவது ஆறரைக்குக் கிளம்பட்டும். பூட்டும் மின்விசிறியும் கொசுவலையும் கழிப்பறையும் உள்ள ஓர் அறை இல்லாத ஊரில் வண்டி தங்கக் கூடாது என்று கழகமே விதி செய்யலாம். அறைக்குப் புதுக் கட்டடம் தேவைப்படாத ஊர்கள் நிறைய உண்டு. கிராம சேவை மையம் என்று கட்டிப் பூட்டிவைத்திருக்கும் கட்டடங்களே போதும். டீசல் திருட்டு, பேட்டரி திருட்டு என்ற பயத்துக்கும் அதுவே விடை: ஊராட்சி அலுவலகத்தை ஒட்டி, விளக்கு வெளிச்சத்தில் வண்டி நிற்கட்டும்.

கேரளம் இதில் ஒரு பாதி வழியைக் காட்டியிருக்கிறது. அங்கே அரசுப் போக்குவரத்துக் கழகம் 2022-இல் ‘கிராம வண்டி’ திட்டத்தைத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் கொல்லயில் ஊராட்சியில் தொடங்கியது. டீசல் செலவை உள்ளாட்சி ஏற்கும். சம்பளமும் பராமரிப்பும் கழகத்துடையவை. வண்டி நிறுத்தவும் பணியாளர் தங்கவும் இடம் தருவது உள்ளாட்சியின் பொறுப்பு. எந்த வழியாக, எந்த நேரத்துக்கு என்று கேட்கும் உரிமை பணம் கொடுக்கும் உள்ளாட்சிக்குக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இதை அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே உள்ள ஏறக்குறைய 12,500 ஊராட்சிகளில் பலவற்றுக்குத் தெருவிளக்குக் கட்டணம் கட்டுவதே பாடு. டீசல் செலவைத் தலையில் ஏற்றினால், வசதியுள்ள ஊராட்சிக்குப் பேருந்து, இல்லாததற்கு இல்லை என்றாகிவிடும். ஆனால் இடத்தையும் அறையையும் ஊராட்சி தருவது, பதிலுக்கு நேரத்தைக் கழகம் எழுத்தில் உறுதி செய்வது என்ற கொடுக்கல் வாங்கலுக்குப் பெரிய நிதி தேவையில்லை.

இப்போதுதான் வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அதை ஓட்டுகிறவரும் பெரும்பாலும் ஆண்தான். மகளை நாலரை மணிக்கு விலக்கிலோ கூட்டு ரோட்டிலோ இறக்கிவிட்டு வர ஒருவர் தினமும் எழுந்தாக வேண்டும்; அவர் வெளியூர் போனாலோ காய்ச்சலில் படுத்தாலோ அவளும் வீட்டில்தான். எழுபது வயது நோயாளியை இருட்டில் பின்னால் உட்கார வைத்து 20 கிலோமீட்டர் போவதை வசதி என்று சொல்ல முடியாது.

நட்டம் பற்றிய மறுப்பு கனமானது. போக்குவரத்துக் கழகங்கள் கடனில் தத்தளிக்கின்றன, சாதாரணப் பேருந்துக் கட்டணம் 2018 ஜனவரிக்குப் பிறகு பெரிதாக மாறவில்லை, இந்த நிலையில் காலி வண்டியை ஓட்டச் சொல்வது பொறுப்பா என்று கேட்பார்கள். ஆனால் கிராமத்துப் பேருந்தை வசூலால் மட்டும் அளக்கக் கூடாது என்ற முடிவை அரசு ஏற்கெனவே எடுத்துவிட்டது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கான தொகையை அரசு கழகங்களுக்குக் கொடுக்கிறது. விடியல் பயணம் என்ற இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. இந்தத் தொகை உண்மையில் கையில் தங்குமா என்பது காலை நேரத்தில்தான் தீர்மானமாகிறது. மாலையில் கட்டணமின்றித் திரும்பும் பெண், காலையில் பேருந்து இல்லாமல் ஷேர் ஆட்டோவுக்கு 40 ரூபாய் கொடுத்தால், 25 வேலை நாளில் 1,000 ரூபாய் போய்விடும். ஒரு கையால் கொடுத்ததை நேர அட்டவணை இன்னொரு கையால் பிடுங்கிக்கொள்கிறது. அதனால் பணம் இல்லை என்ற வாதத்தை விட, இருக்கும் பணம் எந்த நேரத்து வண்டிக்குப் போகிறது என்ற கேள்வியே பொருத்தமானது. ஒரு தடத்துக்கு ஐந்து நடைதான் முடியும் என்றால் மதியம் ஒன்றரை மணி நடையை எடுத்துக் காலை 5 மணிக்குப் போடலாம். மதியம் போகிறவர்களுக்கு அது சிரமம்தான், மறுக்கவில்லை. அந்தச் சிரமம் ஒரு மணி நேரக் காத்திருப்பு. காலை வண்டி இல்லாததன் சிரமம் ஒரு நாள் கூலி.

பெரிய பேருந்துக்கு நியாயமே இல்லாத சிற்றூர்களும் உண்டு. முப்பது வீடு உள்ள மலையடிவாரக் குடியிருப்புக்கு ஐம்பது இருக்கை வண்டியை இரவில் நிறுத்திவைக்கச் சொல்வது அசட்டுத்தனம். அங்கே மினி பஸ் உதவும், விதி சரியாக எழுதப்பட்டால். 1997-இல் தொடங்கிய பழைய திட்டத்தைத் திருத்தி, 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கப்பட்ட புதிய மினி பஸ் திட்டத்தில் ஒரு தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் குறைந்தது 65 விழுக்காடு வேறு பேருந்து ஓடாத பாதையாக இருக்க வேண்டும். பாதைக்கு இவ்வளவு நுணுக்கமாக விதி வகுத்த திட்டத்தில் முதல் நடையின் நேரத்துக்கும் அதே அக்கறை வேண்டும். தனியார் உரிமையாளர் கூட்டமுள்ள காலை எட்டரை மணியையும் மாலை நாலரை மணியையும் தேடித்தான் ஓடுவார். அது அவர் தொழில். அதற்குக் கடிவாளம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, பெர்மிட் கொடுக்கும்போது நேர அட்டவணையை நிபந்தனையாக்கவும், அதை வண்டியிலும் நிறுத்தங்களிலும் எழுதி வைக்கச் சொல்லவும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. ஒரு தடத்துக்குப் பெர்மிட் வேண்டும் என்றால் 5 மணி நடையையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று சொல்ல புதுச் சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. அதைவிடச் சிறிய இடங்களில், உள்ளூர் ஆட்டோ ஒன்றுக்கு மாதம் ஒரு நிலையான தொகையை அரசு கொடுத்து, குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட கட்டணத்துக்கு விலக்கு வரை ஓடச் செய்யலாம். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் கிளம்ப வேண்டும் என்பதே அந்தத் தொகைக்கான நிபந்தனை.

ஓட்டுநர் பற்றாக்குறை உண்மை. பல ஆண்டுகள் போதுமான ஆள் எடுக்காமல் இருந்துவிட்டு 2025-இல்தான் மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டுநர்-நடத்துநர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆள் இல்லாத நாளில் ஏதோ ஒரு நடையை ரத்து செய்துதான் ஆக வேண்டும். எதை ரத்து செய்வது என்பதற்கு இன்று இருக்கும் நடைமுறை, வசூல் குறைந்ததை முதலில் என்பது. முதல் வண்டியை அந்தப் பட்டியலின் கடைசியில் வையுங்கள் என்பதற்குக் கூடுதல் ஆளும் தேவையில்லை, பணமும் தேவையில்லை; கிளை மேலாளருக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அப்படியும் தவிர்க்க முடியாத நாளில், முந்தின இரவே சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலைப் பணிக்கு யார் வருகிறார், யார் வரவில்லை என்பது இரவு 9 மணிக்குப் பணிமனைக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவாவது இல்லாத ஊராட்சி இன்று அரிது. 9 மணிக்குத் தெரிந்தால் உறவினரின் வண்டியைக் கேட்கலாம், ஆட்டோவுக்குச் சொல்லிவைக்கலாம், நாலு பேர் சேர்ந்து வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். காலை ஐந்தேகால் வரை சாலையைப் பார்த்துக்கொண்டு நின்ற பிறகு தெரிந்தால் இதில் எதையும் செய்ய முடியாது. விமானம் தாமதமானால் குறுஞ்செய்தி வருகிறது. கிராமத்துப் பயணிக்கு அந்த மரியாதை இன்னும் பழக்கமாகவில்லை.

கிராம சபைகளும் கேட்கும் விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபையில் ‘கூடுதல் பேருந்து வசதி வேண்டும்’ என்று தீர்மானம் போட்டால், ‘பரிசீலிக்கப்படும்’ என்ற பதிலோடு அது முடிந்துவிடும். காலை 5 மணிக்கு மேல் போகாத ஒரு நேரம், வண்டி தங்க ஓர் இடம், பணியாளருக்கு ஓர் அறை, ரத்தானால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற ஒரு கைப்பேசி எண் ஆகியவற்றோடு தீர்மானம் போனால், கழகம் ஆம், இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருக்கும்.

இதில் அவசரமும் இருக்கிறது. சென்னையில் 2025 ஜூன் இறுதியிலிருந்து தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. தனியார் நிறுவனத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் அது. இந்த ஒப்பந்த முறை மற்ற மாவட்டங்களுக்கும் வரும், வரவும் வேண்டும். ஆனால் மின்சாரப் பேருந்து இரவில் சார்ஜ் ஏறும் இடத்தில்தான் நிற்கும். சார்ஜிங் வசதி முழுக்கப் பணிமனைக்குள்ளேயே அமைந்துவிட்டால், ஊரில் தங்கும் வண்டி என்ற ஏற்பாடு யாரும் ரத்து செய்யாமலே இல்லாமல் போகும். இருபது முப்பது ஊர்களுக்குப் பொதுவான ஊராட்சி ஒன்றியத் தலைமையிடங்களிலாவது சார்ஜிங் இடம் வேண்டும், காலியாக ஓடும் அதிகாலைக் கிலோமீட்டருக்கும் நிறுவனத்துக்குப் பணம் உண்டு, முதல் நடை தவறினால் மற்ற நடைகளைவிடக் கூடுதல் அபராதம் என்ற மூன்றையும் ஒப்பந்தப் புள்ளி கோரும் ஆவணத்திலேயே எழுதிவிட வேண்டும். கையெழுத்தான பிறகு பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அதில் ஒரு வரியைக்கூட மாற்றுவது கடினம்.